வானினின்று நோக்கும் திருக்கோணமலைக் கடலும் தீவுகளும்

நாற்புறமும் நீராற் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும் என்று, புவியியல் கற்கத் தொடங்கிய நாளிலே நாம் மனனஞ் செய்தோம். அவ்விலக்கணம் பிழையானதன்று. ஆயினும், திருக்கோணமலையில் வாழ்வோருக்கு அது போதியதுமன்று. எமது துறைமுகத்தின் உள்ளும் புறமும் தீவுகள் பல கிடக்கின்றன. பெரிய சோபர் தீவு, சிறிய சோபர் தீவு, வெளிச்சவீட்டைத் தாங்கி நிற்கும் வட்டத்தீவு, வடக்கே நிலாவெளிக்கு எதிரே புறாமலை என்றிவ்வாறு எண்ணிக்கொண்டே போகலாம். இவற்றுட் பலவற்றை நாம் கரையில் நின்று பார்த்திருக்கிறோமேயன்றிக் காலடி வைத்ததில்லை. துறைமுகத்தின் உள்ளே இருப்பவை நெடுங்காலமாகப் படையினரின் காவலுக்கு உட்பட்டவை. வெளியே இருப்பவை கடல் இசைந்தாலன்றிக் கிட்டாதவை. கரையில் நின்று நோக்குவோனுக்கு எத்தீவுக்கும் ஒரு பக்கமே உண்டு. மறுபக்கம் மீனவரும் கடற்படையினரும் மாத்திரம் அறிந்ததாக இருந்துவந்தது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. கணினியோ கைத்தொலைபேசியோ உடைய எவரும், செய்மதி எடுத்த படத்தின் வழியே ஒரு தீவின் நாற்புறத்தையும் ஒருங்கே காணலாம். ஆனால், காண்பது வேறு, வாசிப்பது வேறு. வானிலிருந்து எடுத்த படத்தை எவ்வாறு வாசித்தல் வேண்டும், அது எவ்விடத்தில் மெய் கூறும், எவ்விடத்தில் எம்மை ஏய்க்கும் என்பவற்றை எமது ஊரின் கடலையே பாடமாகக் கொண்டு ஆராய்வோம்.

முதலிற் கருவியைப்பற்றிச் சிறிது கூறுதல் தகும். நிலத்தைப் படம்பிடிப்பதற்கென்றே அமைந்த லான்ட்சற் வரிசையின் முதலாவது செய்மதியை அமெரிக்கர் 1972ஆம் ஆண்டு யூலை மாதம் ஏவினர். அவ்வரிசையில் இப்பொழுது எட்டாவதும் ஒன்பதாவதும் தொழிற்படுகின்றன. இவை ஏறத்தாழ 705 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றுவன. ஒவ்வொன்றும் 16 நாட்களுக்கு ஒருமுறை ஓரிடத்தின் மேலே வருவதால், இரண்டும் சேர்ந்து 8 நாட்களுக்கு ஒருமுறை எமது குடாவைக் காண்கின்றன. ஐரோப்பியரின் சென்ரினல்-2 செய்மதிகள் 2015 முதல் ஏவப்பட்டன. அவை இரண்டு இரண்டாக இயங்கி 5 நாட்களுக்கு ஒருமுறை வருகின்றன. லான்ட்சற் படங்கள் 2008 முதல் விலையின்றிக் கிடைக்கின்றன. சென்ரினல் படங்களும் அவ்வாறே. 2005இல் வெளிவந்த கூகிள் ஏர்த் என்னும் உருண்டையோ, இவற்றோடு வணிக நிறுவனங்களின் நுண்ணிய படங்களையும் விமானப் படங்களையும் ஒட்டித் தைத்த கம்பளம் போன்றது. அதில் அருகருகே தோன்றும் இரண்டு துண்டுகள் வெவ்வேறு ஆண்டில் எடுக்கப்பட்டனவாக இருக்கலாம். இதனை மாணவர் முதலிலேயே மனங்கொள்ளல் வேண்டும்.

படத்தின் நுண்மை என்பது யாது? செய்மதி காண்பது தொடர்ச்சியான காட்சியன்று. சிறு சதுரங்களின் தொகுதியே. லான்ட்சற்றின் ஒரு சதுரம் நிலத்தில் 30 மீற்றர் பக்கமுடையது. சென்ரினலின் சதுரம் 10 மீற்றர். புறாமலையின் பெரிய தீவு ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் உடையது. ஆகவே முன்னையதில் அத்தீவு முழுவதும் இருபது சதுரங்களுக்கு மேற் பெரிதும் விஞ்சாது. பின்னையதில் ஏறத்தாழ இருநூறாக விரியும். வணிகச் செய்மதிகளின் சிறந்த படங்களில் ஒரு சதுரம் 30 சதமமீற்றர் அளவினதே. அதிலே தோணியையும் தோணியின் நிழலையும் வேறு பிரித்துக் காணலாம். எனினும், பெரிய சதுரத்தைக் குறைவாக மதித்தல் ஆகாது. கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அதன் அகலம் லான்ட்சற்றின் ஒரு சதுரத்திற்கும் குறைவானதே. அங்ஙனமாயினும் கரிய நீரின்மேல் வெளிறிய கோடாக அது புலப்படும். சதுரத்திலும் சிறிய பொருள், தன் சூழலினின்று மிக வேறுபட்டிருப்பின், அச்சதுரத்தின் நிறத்தையே மாற்றிவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

செய்மதியைப்பற்றிப் பேசும்போது ஒரு செய்தியைச் சொல்லாமற் கடந்துபோக மனம் ஒவ்வவில்லை. பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளினால் உலகெங்கும் செய்தி அஞ்சல் செய்யலாம் என்பதனை 1945ஆம் ஆண்டு ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் விரித்து எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அத்தகைய செய்மதிகள் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பவை. நாம் இங்கே ஆராயும் படச் செய்மதிகளோ மிகத் தாழ்ந்தவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர் பலர். கிளார்க் 1956இல் இலங்கையிற் குடியேறியது கடலடியிலே நீந்தும் வேட்கையினால். அவருடைய தோழர் மைக் வில்சன் அவ்வாண்டில் சுவாமி மலையின் அடியிலே சுழியோடியபோது, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்தழித்த கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டார். அச்செய்தியைக் கிளார்க் தாம் 1957இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். வான்வெளியைக் கனவு கண்டவர் எமது ஊருக்கு வந்து கடலுக்குள் இறங்க வேண்டியிருந்தது! இன்று எத்துணை நுண்ணிய செய்மதிப் படத்தை விரித்தாலும், சுவாமி மலையின் அடியிற் கிடக்கும் தூண்களில் ஒன்றேனும் தோன்றாது. பாறையின் நிழலும் நுரையுமே தோன்றும்.

இனி, படத்தைத் திறப்போம். வட அகலக்கோடு 8 பாகை 34 கலை, கிழக்கு நெடுங்கோடு 81 பாகை 14 கலை. மாதத்தைத் தெரிவு செய்வதிற் கவனம் வேண்டும். வாடைக்காற்று மழை கொணரும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் எடுத்த படங்களிற் பெரும்பாலன முகிற்கூட்டமாகவே இருக்கும். கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையுள்ள காலத்திலே வானம் தெளிந்து, கடலும் அடங்கியிருக்கும். மழைக்காலத்தைத்தான் காணவேண்டுமெனின், முகிலை ஊடறுத்துக் காணும் ராடார்ச் செய்மதிகளை நாடலாம். அவற்றின் படத்தில் அமைதியான நீர் கறுப்பாகவும் கப்பல்கள் ஒளிப்புள்ளிகளாகவும் தோன்றும். அழகு குறைவு, பயன் பெரிது.

தெளிந்த நாளின் படத்திற் கிழக்கு நோக்கி நீட்டிய விரல் போலத் தெரிவது சுவாமி மலை. அதன் வடபால் பின்குடா, தென்பால் டச்சுக் குடா. மேற்கே நிலத்தால் அரவணைக்கப்பட்ட உள்துறைமுகம். தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. அதன் தென்கரையிலே, 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி கங்கை கடலொடு கலக்கிறது. மார்கழி வெள்ளத்தின்பின் வானம் வெளித்த ஒரு நாளின் படம் கிடைப்பின், கங்கை கொணர்ந்த மண் குடாவிலே மாநிற விசிறியாக விரிந்திருத்தலைக் காணலாம். ஆடி மாதப் படத்தில் அவ்விசிறி இராது. இவ்விரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினால், ஆறு நிலத்தை அரித்துக் கடலிற் சேர்க்கும் என்னும் பாடத்திற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இக்கொட்டியாரத்திலேதான் 1660இல் ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் உள்நாட்டிலே தடுத்து வைக்கப்பட்டுத் தப்பிச்சென்று, 1681இல் வெளியிட்ட நூலிலே இலங்கைப் படம் ஒன்றையும் சேர்த்தார். நடந்தும் கேட்டும் அறிந்ததைக்கொண்டு அமைந்த படம் அது. அதன் கோடுகள் கோணலானவை. ஆனால் அதில் ஊர்ப் பெயர்கள் உண்டு. செய்மதிப் படத்தின் கோடுகள் நேரானவை. அதிற் பெயரே இல்லை. இதுபற்றிப் பின்னர்க் கூறுவோம்.

நிலத்தை வாசிப்பதற்கும் ஓரிரு எடுத்துக்காட்டுகள் தருவோம். சீனக்குடாவின் காட்டினுள்ளே ஒழுங்கான வட்டங்கள் நிரையாகத் தோன்றும். இயற்கை இத்தகைய வட்டங்களை நிரைப்படுத்துவதில்லை. அவை பிரித்தானியர் தமது கடற்படைக்கென அமைத்த எண்ணெய்த் தாங்கிகள், எண்ணிக்கை 99. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் நிகழ்ந்த யப்பானிய விமானத் தாக்குதலில் அவற்றுள் ஒன்று அழிந்தது. இரண்டாவது எடுத்துக்காட்டு நெஞ்சை உறுத்துவது. கூரையுள்ள வீடு மேலிருந்து நோக்குமிடத்து ஒரே நிறமான சதுரமாகத் தெரியும். கூரை போனால், சுவர்களின் கோடுகள் மாத்திரம் வெறும் பெட்டி போலத் தோன்றி, உள்ளே பச்சை படரும். சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, பெரும்பாலோர் 2015க்குப் பின்னரே மீளக் குடியமர இயன்றது. அவ்வாண்டுகளில் தம் ஊருக்குட் செல்ல இயலாதிருந்த எவர்க்கும், வானத்துப் படம் விளையாட்டுப் பொருளாக இருந்திருக்க முடியாது. கூகிள் ஏர்த்திற் பழைய ஆண்டுகளின் படங்களை வரிசையாக நோக்கும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துவோர், கூரையையும் சுவரையும் வேறு பிரித்தறியும் இச்சிறு பாடத்தைக் கற்றிருத்தல் நன்று.

இனிப் புறாமலைக்கு வருவோம். நிலாவெளிக் கரையினின்று ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், பெரிதும் சிறிதுமாக இரண்டு பாறைத் தீவுகள். மலைப்புறாக்கள் கூடு கட்டுவதாற் பெற்ற பெயர். 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பெரிய தீவின் மிகவுயர்ந்த இடம் ஏறத்தாழ 45 மீற்றர். தீவைக் காட்டிலும் தீவைச் சூழ்ந்த நீரே பெருமதியுடையது. அங்கே முருகைக்கற் பார்கள் இருக்கின்றன.

நீரின் அடியை வானிலிருந்து காண இயலுவது எவ்வாறு? ஞாயிற்றொளியின் நிறங்கள் நீரில் ஒரே அளவாகப் புகுவதில்லை. சிவப்பு சில மீற்றரில் மங்கிவிடும். நீலமே ஆழச் செல்லும். தெளிந்த கடலில் ஏறத்தாழ 20 முதல் 25 மீற்றர் வரையுள்ள அடித்தளத்தில் நீலமும் பச்சையும் பட்டுத் திரும்பி மேலே வருவதைச் செய்மதி பதிவு செய்கின்றது. சிவப்பிற்கு அப்பாலுள்ளதும் கண்ணுக்குப் புலனாகாததுமான செங்கீழ்க் கதிரோ நீரின் மேற்பரப்பிலேயே விழுங்கப்படும். ஆகவே அக்கதிரின் படத்தில் கடல் மை போலக் கறுத்து, மரஞ்செடிகள் மிக்க ஒளியோடு விளங்கும். கரையின் கோட்டை அறியச் செங்கீழ்க் கதிர். பாரை அறிய நீலம். களப்போரத்துக் கண்டற் காடுகள் எங்கே முடிந்து நீர் எங்கே தொடங்குகிறது என்பதையும் முன்னைய படமே துலக்கமாகக் காட்டும்.

புறாமலைப் படத்தில் வெளிறிய பசுநீலமாகத் தோன்றுவது மணல். கருநீலத் திட்டுகளாகத் தோன்றுவன முருகைக் கற்களும் பாறைகளும். இவ்விடத்தே மாணவர் தடுமாறுவர். முகிலின் நிழலும் கருந்திட்டாகவே தோன்றும். வேறுபாடு அறிவது எளிது. நிழலாயின் அதற்குரிய முகில் அருகிலே, எல்லா நிழல்களுக்கும் பொதுவான ஒரே திசையில் இருக்கும். பாராயின், பத்து நாள் கழித்து எடுத்த படத்திலும் அவ்விடத்திலேயே இருக்கும். அலை உடையும் வெள்ளைக் கோடும் உதவி செய்யும். ஆழங்குறைந்த பாரின் விளிம்பிலேதான் அலை உடைகிறது. இதனை எமது மீனவர் செய்மதிக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னரே அறிவர்.

ஆனால், உயிருள்ள முருகையா, இறந்த முருகையா என்பதை இப்படங்கள் எளிதிற் சொல்லமாட்டா. 1970களில் முட்கிரீட நட்சத்திரமீன்கள் பெருகித் திருக்கோணமலைப் பார்களைத் தின்று கெடுத்தன. 1998இற் கடல் வெம்மையுற்று இலங்கையின் பார்கள் பல வெளிறியபோது இப்பகுதி பெரிதும் தப்பியது. இவ்விரண்டு செய்தியும் எமக்குத் தெரிவது, சுழியோடிகள் நீருக்குள் இறங்கிக் கண்டெழுதியதனால். இறந்த கல்லின்மேற் பாசி படர்ந்தால் அது மேலிருந்து பார்ப்பவனுக்கு உயிருள்ள கல்லைப்போலவே கருமையாகத் தோன்றும். வெளிறிய கல் மணலைப்போல வெண்மையாகத் தோன்றும். 2021இல் உலகின் ஆழங்குறைந்த முருகைப் பார்கள் அனைத்தையும் செய்மதிப் படங்களின் துணையால் வரைந்து முடித்த அலன் முருகைப் படத்தொகுதியை எவரும் இணையத்திற் காணலாம்; அதனை ஆக்கியோரும் நீருக்குள் இறங்கியோரின் குறிப்புகளைக்கொண்டே கணினிக்குப் பாடம் கற்பித்தனர். எனவே, புறாமலைப் பாரைக் கணினியிலே கண்டு, அது நலமாக உள்ளதென்று ஒருவர் கூறுவாராயின், அவர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

படம் ஏய்ப்பதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு எமது துறைமுக வாயிலிலேயே உள்ளது. கூகிள் ஏர்த்தில் கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடலை நோக்கிக் கருநீலமான பள்ளத்தாக்கொன்று வளைந்து செல்வதைக் காணலாம். உலகின் பெரிய கடற்கீழ்ப் பள்ளத்தாக்குகளுள் அது ஒன்று. ஆழ்நீர் கரைக்கு இத்துணை அண்மையில் வருவதனாலேயே திமிங்கிலங்களும் கரைக்கண்மையில் வருகின்றன. சுவாமி மலையில் நின்றே அவை நீரைப் பீறுவதைக் கண்டோர் உளர். ஆனால் அப்பள்ளத்தாக்கை எச்செய்மதியும் படம்பிடிக்கவில்லை. இருபத்தைந்து மீற்றருக்குக் கீழே ஒளி திரும்பிவராதெனில், ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்தை எவ்வாறு படம்பிடித்தல் கூடும்? கப்பல்கள் ஒலியெழுப்பி அளந்த ஆழங்களையும், கடல்மட்டத்தின் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வுகளைச் செய்மதி அளந்து கணித்த ஆழங்களையும் சேர்த்து வரைந்த ஓவியமே அது. நிலத்தின் படமும் கடலடியின் ஓவியமும் ஒரே திரையில் ஒரே பாங்கிலே காட்டப்படுவதால், இரண்டும் ஒரே உறுதியுடையன என்று கண் நம்பிவிடுகிறது.

அந்நம்பிக்கையின் விளைவை அவுஸ்திரேலிய ஆய்வுக்கப்பல் ஒன்று 2012இல் வெளிப்படுத்தியது. நியூ கலிடோனியாவுக்கு மேற்கே சண்டித் தீவு என்றொரு தீவு நெடுங்காலமாகக் கடற்படங்களிலே குறிக்கப்பட்டு, கூகிளின் படத்திலும் கருந்திட்டாக இடம்பெற்றிருந்தது. ஆய்வாளர் அவ்விடத்துக்குச் சென்றபோது அங்கே தீவில்லை. திறந்த கடலே இருந்தது. 1876இல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று தெரிவித்த செய்தி, படத்திலிருந்து படத்திற்குப் பெயர்த்தெழுதப்பட்டு, செய்மதி யுகத்திலும் உயிர்வாழ்ந்தது!

இதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. படம் இருக்கத் தீவு இல்லாது போவது. பசிபிக் சமுத்திரத்துத் துவாலு நாடு கடல்மட்ட உயர்வினால் அஞ்சி நிற்பது. 2022ஆம் ஆண்டு அந்நாட்டு அமைச்சர் ஒருவர், தமது தீவுகளைக் கணினியுலகிலே அப்படியே படியெடுத்து வைக்கப்போவதாக உலக மாநாட்டிற்கு அறிவித்தார். நிலம் போயினும் நினைவேனும் நிற்கட்டும் என்பதே கருத்து. எனினும், செய்மதியும் விமானமும் எடுத்த பழைய படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர் இருவர், பசிபிக்கின் 27 சிறு தீவுகளுட் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாகப் பரப்பிற் குறையாமலோ கூடியோ இருந்தன என்று 2010இல் எழுதினர். மணலும் முருகைத் துகளும் ஒரு கரையில் அரிபட்டு மறுகரையிற் சேர்கின்றன. இதனைக்கொண்டு கடல் உயரவில்லை என்பார் தவறுவர். தீவு அசையாத பாறை என்பாரும் தவறுவர். புறாமலை பாறையாதலின் அதன் கதி வேறு. மணற்றிட்டுகளாகிய எமது கழிமுகங்களோ ஒவ்வொரு வாடைக்கும் உருமாறுபவை.

மெய்நிகர் உலா எனப்படுவதைப்பற்றியும் கூறல் வேண்டும். ஓரிடத்தில் நின்று சுற்றிலும் எடுத்த படத்தைத் திரையிலே சுழற்றிப் பார்ப்பது அது. 2012இல் அவுஸ்திரேலியப் பெரும் பார் முதலியவற்றின் நீரடிக் காட்சிகளும் இவ்வாறு வெளியிடப்பட்டன. இலங்கையின் வீதிகள் சில ஆண்டுகளின் பின் இம்முறையிலே திரைக்கு வந்தன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் எம் பழைய மாணவர் பலர் இரவில் உறக்கம் வராத வேளையிலே கோணேசர் கோயிற் படிகளில் இவ்வாறு ஏறி இறங்குவர். இதனை நாம் எள்ளுவதில்லை. ஆயினும், அங்கே இராவணன் வெட்டினின்று எழும் காற்றும், கீழே அலை மோதும் ஒலியும் இல்லை. படம் எடுத்தவன் நின்ற இடத்திலேதான் நாமும் நிற்றல் கூடும்; அவன் போகாத ஒழுங்கைக்குள் நாம் போக இயலாது. நாம் பிறந்த ஒழுங்கையில் அவன் போகவில்லையாயின் உலா அவ்வளவோடு முடிந்தது.

இனிப் பெயர் பற்றி முன்னர் ஒத்திவைத்ததைக் கூறுவோம். செய்மதி இடத்தைத் தருகின்றது, பெயரைத் தருவதில்லை. திரையிற் காணும் பெயர்கள், எவரோ எழுதிச் சேர்த்தவை. எமது துறைமுகத் தீவுகளின் பெயர்கள் பெரும்பாலும் பிரித்தானியக் கடற்படையின் படங்களிலிருந்து வந்தவை. நிலாவெளியில் வாழ்வோர்க்குப் புறாமலை, திரையில் வேறு. தீவுகளாவது பிழைத்தன. பார்களுக்கும், நீரடிக் கற்களுக்கும், ஓடையின் வாய்களுக்கும், கரைவலை இழுக்கும் துண்டுகளுக்கும் மீனவர் வழங்கும் பெயர்கள் எப்படத்திலும் ஏறவில்லை. அவை முதியோரின் நினைவில் மட்டும் உள்ளன. அவர்கள் கடலில் ஓரிடத்தைக் குறிக்கும் முறையும் பாடநூலிற் காணாதது. கரையிலுள்ள ஒரு கோபுரத்தையும் அதன் பின்னுள்ள ஒரு குன்றையும் ஒரே நேரிற் கொண்டு ஒரு கோடு. வேறிரண்டு அடையாளங்களால் மற்றொரு கோடு. இரண்டும் வெட்டுமிடம் கல். நாம் வடிவ கணிதத்திற் கற்றதே அது. இப்போது கையடக்கக் கருவிகள் இடத்தைச் சொல்லிவிடுவதால் இளைஞர் அக்கோடுகளைக் கற்பதில்லை. கற்காத கோட்டோடு பெயரும் போகும்.

எம் கல்லூரி மாணவர்க்குரிய வேலை இதில் உண்டு. 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்றீட் மப் என்னும் பொதுப் படத்தில் எவரும் தமது மொழியிலும் எழுத்திலும் பெயரைப் பதியலாம், அதற்குக் கட்டணமில்லை. கச்சான் காலத்துத் தெளிந்த படமொன்றைப் பெரிய தாளில் அச்சிட்டு, மாணவர் இருவர் மூவராகக் கரைக்குச் செல்லட்டும். தோணி கரையேறி, வலை பொத்திய பிறகு முதியவர்களை அணுகுதல் நன்று. அதற்கு முன்னர் அவர்க்குப் பேச நேரமிராது. ஒவ்வொரு கருந்திட்டையும் காட்டிப் பெயர் கேட்டு, எத்தனை பாகம் ஆழம், எந்த மாதத்தில் என்ன மீன் படும் என்பனவற்றையும் எழுதிக்கொள்ளல் வேண்டும். இருவர் இரு பெயர் கூறின் இரண்டையும் எழுதுக. மீன் மிகுந்த இடத்தை அவர் சொல்ல விரும்பாவிடின் வற்புறுத்தலாகாது. அது அவருடைய சோறு. ஒன்றை மாத்திரம் மறத்தல் கூடாது. வடக்கு மேலாக அச்சிட்ட தாள், கடலிலிருந்து கரையை நோக்கிப் பழகிய கண்ணுக்கு விளங்குவது அரிது. கீழ்க்கரையிலே தோணி திரும்பும்போது முன்னால் நிற்பது மேற்கு. ஆதலின் தாளை வலஞ்சுழியாகக் கால்வட்டம் திருப்பி, மேற்கு மேலாக அவர்முன் விரித்து, முதலிற் சுவாமி மலையைக் காட்டுக.